ஜூடித் கேட்ட மூன்று தட்டு

ஜூடித்தை எனக்கு ரயிலில்தான் பழக்கம். விடியற்காலை பெங்களூர் வண்டியில் நான் மாரிக்குப்பத்தில் ஏறி இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைப்பேன். அவள் கோரமண்டலில் ஏறுவாள். எங்கள் பெட்டியில் பெண்கள் தூங்குவார்கள், பூ கட்டுவார்கள், மதியத்துக்கு பீன்ஸ் நறுக்குவார்கள். ஜூடித் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரெசிஸ்டர் பிரிப்பாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும் அந்தச் சாமான்களின் மேல் உள்ள கலர் கோடுகளைப் பார்த்து, கல் பொறுக்குகிற வேகத்தில் தனித்தனி பொட்டலமாகப் போடுவாள். புதிதாக ஏறுகிறவர்கள் பாசிமணி கோக்கிறாள் என்று நினைத்து விலை கேட்டதுண்டு.

கே.ஆர். புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருவது அவள் வேலை. அதற்கும் இந்தச் சாமான்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படித்தது பி.யூ.சி. சனிக்கிழமை மதியம் க்ளினிக் மூடியதும் பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடுக்குப் போய் ஐ.சி., வயர், சின்ன மோட்டார் என்று எதையாவது வாங்கிக்கொண்டு வருவாள். சமையலறையில் அடுப்பு மேடையின் ஒரு பாதி அவளுடைய சோல்டரிங் இடம். அந்த வீட்டுக் குழம்பில் ஈயப் புகை வாசனை வருகிறது என்பார் அவள் கணவர் சைலஸ். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

தண்ணீர் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி, மழையின் முதல் சொட்டு விழுந்ததும் துணியை எடுக்கச் சொல்லி மணியடிக்கிற தகடு, சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஓடுகிற விளக்கு எல்லாம் அவள் செய்ததுதான். ஒருமுறை தீப்பெட்டி அளவில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு அணைக்க மறந்துபோனாள். சைலஸ் தன் மச்சானைப் பற்றிக் கர்த்தரிடம் சொல்லி அழுத ஜெபம் அந்த லைன் வீட்டு வரிசையில் நாலு வீட்டு ரேடியோவில் ஒலிபரப்பானது. மச்சான் வீடு அந்த நாலில் ஒன்று.

போன வருஷம் பிப்ரவரியில் அவள் செய்தது வேறு மாதிரி.

எங்கள் ஊரில் தரை அடிக்கடி லேசாக நடுங்கும். மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆனாலும் கீழே பாறை அவ்வப்போது வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். மறுநாள் ரயிலில் நடுங்கியது என்று பாதிப் பேரும் இல்லை என்று பாதிப் பேரும் சண்டை போடுவோம். இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு கருவி செய்தால் என்ன என்று ஜூடித்துக்குத் தோன்றியது.

பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டையைப் பிரித்தால் உள்ளே காசு மாதிரி ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதைத் தொட்டால், தட்டினால் துளி மின்சாரம் வரும். அதைப் பெரிதாக்கினால் சத்தமாகக் கேட்கலாம், கோடாகவும் வரையலாம். அவள் வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடி கட்டும் கம்பம் ஒன்று இருந்தது. உண்மையில் அது பாறை துளைக்கிற ட்ரில் ராடு. மைன்ஸ் காலத்தில் யாரோ அடித்து இறக்கியிருக்கிறார்கள். ஆள் உயரம் வெளியே நிற்கிறது. உள்ளே எவ்வளவு போகிறது என்று தெரியாது. சைலஸ் ஒருமுறை நாலடி தோண்டிப் பார்த்து, அடி தெரியாமல் மண்ணை மூடிவிட்டார். அந்த ராடில் தகட்டைப் பட்டி போட்டு இறுக்கி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு சோப்பு டப்பாவுக்குள் மற்ற சாமான்களை வைத்தாள். ஒரு மெமரி கார்டு இரவும் பகலும் அசைவைப் பதியும். வேண்டுமானால் ஹெட்போனைச் செருகிக் கேட்கலாம். புதன்கிழமை சாயங்காலம் அதை ஓடவிட்டுவிட்டு, வேலை நாட்களில் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சாதம் வெந்துகொண்டிருக்கும்போது, பதினோரு மணிக்குமேல் முதல்முறையாக ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்கு வண்டி வருவது ஒரு முனகலாகக் கேட்டது. அடுத்த வீட்டு ராஜப்பாவின் கைத்தடி கேட்டது. பன்றி ஒன்று ராடில் முதுகைத் தேய்த்தது. சிரித்துவிட்டாள். சைலஸைக் கூப்பிட வாய் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் கீழே இருந்து அது வந்தது.

டக். டக். டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று.

அவள் முதலில் பயப்படவில்லை. கருவி செய்கிறவர்களுக்கு இது பழக்கம். வேண்டாத சத்தம் எதிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜை அணைத்தாள். வந்தது. மெயினையே இறக்கி பேட்டரியில் ஓட்டினாள். வந்தது. ராடிலிருந்து தகட்டைக் கழற்றிக் கையில் பிடித்தாள். நின்றது. மறுபடி ராடில் இறுக்கினாள்.

டக். டக். டக்.

அப்போதுதான் முதுகில் வியர்த்தது என்று சொன்னாள். கரண்ட்டில் இல்லை, வயரில் இல்லை. இரும்பு வழியாக, தரைக்குள்ளிருந்து வருகிறது.

சைலஸ் ஒரு நிமிஷம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். கோரமண்டல் முழுக்கக் கீழே குடைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவிலும் தண்ணீர் நின்றிருக்கிறது, அங்கே என்ன தட்டும் என்று யோசிக்கவே வேண்டாம், சர்ச் ஐயரை அழைத்து ஜெபம் பண்ணலாம் என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜூடித் அவரை வற்புறுத்தவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய் ராஜப்பாவைக் கூப்பிட்டாள்.

ராஜப்பா எழுபத்தெட்டு வயசு ஆள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் எஞ்சின் டிரைவராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மனைவி பார்வதம்மா போனபின் ஒண்டியாக இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும். அந்த வேலைக்குக் காதுதான் முக்கியம். சுரங்கத்துக்குள்ளிருந்து மணி அடித்துச் சொல்வார்கள். அதை எண்ணித்தான் டிரைவர் எஞ்சினை நகர்த்துவார்.

அவர் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு தரம் கேட்டது. வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு லீவரைப் பிடிக்கப்போகிற மாதிரி காற்றில் நின்றது. ஜூடித் அதைப் பார்த்தாள்.

"மூணு மணின்னா ஆளுங்கம்மா," என்றார். "கல்லு இல்ல, சாமான் இல்ல. ஆளு ஏறணும்னு அர்த்தம்."

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, இதைக் கழற்றிப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு, தடியை மறந்து எழுந்து போனார்.

கழற்றத்தான் நினைத்தாள். சாப்பாடு ஆறிப்போனது. மூன்று மணிக்கு வெயிலில் போய் ராடின் முன் நின்றாள். கையில் சுத்தியல் இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை என்றாள். ஹெட்போன் வயர் ஜன்னல்வரை இழுபட்டு நின்றது. அடுத்த மூன்று வந்ததும், பதிலுக்கு ராடில் ஐந்து தட்டினாள்.

வெகு நேரம் சத்தமே இல்லை. தன் மூச்சுகூட ராடில் கேட்கிற மாதிரி இருந்தது. அப்புறம் கீழிருந்து, அவசரமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மாதிரி வந்தது. அவள் எண்ணினாள். ஐந்து.

நான்கு தட்டினாள். நான்கு வந்தது.

உள்ளே ஓடிவந்து சைலஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.  தெளிவாகச் சொன்னாள்.

"தண்ணி எண்ணாதுங்க. பாறை எண்ணாது. உயிரோட யாரோ கீறாங்க."

சைலஸ் ஒரு அரைமணி அவளோடு வாதாடினார். பிறகு அவரே போய்ப் பழைய எண்ணெய் டப்பா, இரும்புக் கடப்பாரை, வேனிலிருந்து பேட்டரி எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். ஜூடித் இன்னொரு தகட்டைச் சோல்டர் செய்து கடப்பாரையில் கட்டினாள். இப்போது கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கடப்பாரையைத் தரையில் குத்திக் கேட்கலாம்.

அது முடிவதற்குள் இருட்டிவிட்டது. திங்கட்கிழமை க்ளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் கிளம்பினாள். அன்றைக்குத்தான் ரயிலில் அவள் இடம் காலியாக வந்தது. லைன் வீடுகளுக்குப் பின்னால் சீமைக்கருவேல முள்ளும், இடிந்த சுவரும், தூரத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடும்தான். அம்பது அடிக்கு ஒருதரம் கடப்பாரையைக் குத்தி, மண்டியிட்டுக் கேட்டாள். ஒரு பக்கம் போனால் சத்தம் மங்கியது. திரும்பி வேறு பக்கம் போனால் தெளிந்தது. தட்டு இப்போது தளர்ந்திருந்தது. மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. அப்படியே சத்தத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவள் ஒரு பழைய இன்க்ளைன் வாயின் எதிரே வந்து நின்றாள். சரிவாகக் கீழே இறங்குகிற பாதை அது. வாய் புது மண்ணால் மூடியிருந்தது.

அங்கே ஒரு கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். பக்கத்தில் ஒரு ஜோடி ஆம்பிளைச் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

பெயர் ராதிகா, வீடு ஆண்டர்சன்பேட்டை. புருஷன் திலீப் பெயிண்டர். வேலையில்லாத நாட்களில் இந்தப் பொந்துகளுக்குள் இறங்கிப் பழைய கேபிளை வெட்டிச் செம்பு எடுத்து விற்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனவன் வரவில்லை. கூடப் போகும் கூட்டாளி ரூபேஷ், திலீப் பெங்களூருக்குப் பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டான். போலீசுக்குப் போனால் திருட்டு வெளியே வந்துவிடும் என்று அவள் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். இன்றைக்குத் தாங்காமல் இங்கே வந்து, புதரடியில் செருப்பைக் கண்டிருக்கிறாள்.

"செருப்ப இங்க வுட்டுட்டு எப்டிக்கா பெங்களூர் போவாரு?" என்று கேட்டாள். அழவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிற குரல்.

ஜூடித் கடப்பாரையைக் குத்தி, ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். ராதிகாவின் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அரைமணி நேரம் அதை ஜூடித்தால் திரும்ப வாங்க முடியவில்லை.

ஜூடித் போனில் சொன்னதும் ரூபேஷைச் சைலஸ் வேனில் போய் அழைத்து வந்தார். கோழிக்கடையில் வேலை செய்பவன். இழுத்து வர வேண்டியிருக்கும் என்று நினைத்தார். ராதிகா எங்கே நிற்கிறாள் என்று சொன்னதும் அவனாகவே வண்டியில் ஏறிவிட்டான். வந்தவன் மூடிய வாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றான். ராதிகா அவனைத் திட்டவில்லை. ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள்.

அவன் கேட்டான். உட்கார்ந்தான். திலீப் உள்ளே போனதையும் தான் வெளியே காவல் நின்றதையும், மேல்மண் பொதக்கென்று இறங்கியதையும், செத்திருப்பான் என்று பயந்து ஓடியதையும் ஒரே மூச்சில் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ஹெட்போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜூடித்தைப் பார்த்தான்.

"அவன் ஒருத்தன்தான்க்கா உள்ள போனான். இதுல ரெண்டு பேரு தட்றாங்களே?"

எதிரொலியாக இருக்கும் என்று ஜூடித் சொன்னாள். அவளுக்கு அப்போது அதை யோசிக்க நேரமில்லை. சைலஸ் அதற்குள் தீயணைப்பு ஆட்களுக்குப் போன் போட்டுவிட்டார்.

அவர்கள் மதியத்துக்குள் வந்தார்கள். வாயைத் தோண்டினால் மேலும் சரியும் என்றார்கள். திலீப் பாதையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் மேலிருந்து வேறு வழி பார்க்கலாம். ஜூடித் இன்னொரு கடப்பாரையிலும் ஒரு தகட்டைக் கட்டி, இரண்டு கருவியையும் வைத்துக்கொண்டு அந்த முள்காட்டில் மண்டியிட்டு மண்டியிட்டு நகர்ந்தாள். இரண்டிலும் தட்டு ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருகிற இடத்தைத் தேடினாள். முழங்கால் தோல் உரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓரிடத்தில் கல்லை வைத்து, இதற்கு நேர் கீழே என்றாள். அங்கிருந்து பத்தடி தள்ளி, புதருக்குள், காற்றுக்காக எப்போதோ விட்ட ஒரு சின்னத் துளை பாதி மண் மூடிக் கிடந்தது. அதன் வழியாகத்தான் அவனுக்கு மூச்சு போயிருக்க வேண்டும்.

அந்தத் துளையை அகலமாக்கி, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திலீப்பைக் கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். அந்த நேரம் பாதி ஊர் அங்கே நின்றிருந்தது. நானும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தேன். மண் பூசிய அந்த உருவம் வெயிலில் வந்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டது. ராதிகா முதலில் அவன் பாதத்தைத்தான் பிடித்தாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ராஜப்பா மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் ஜூடித் எங்கள் பெட்டியில் ஒரு வாரம் ராணியாக இருந்திருப்பாள். பேப்பரில்கூட ஒரு மூலையில் போட்டார்கள். ஆனால் அவள் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திலீப்பைப் பார்க்கப் போனாள்.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். சுவரில் ஒழுகிய தண்ணீரை நக்கியே நாலு நாள் இருந்திருக்கிறான். அக்கா, அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டான். தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுதான் உன்னைக் காப்பாற்றியது என்று ஜூடித் சொன்னாள். அவன் தலையை அசைத்தான்.

தனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்றான். லைட் அணைந்தபின் சனிக்கிழமை முழுக்கச் சும்மா படுத்திருந்தானாம். கத்தித் தொண்டை போய்விட்டது. சாகப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டான். அப்போது காலடியில் ஓடுகிற பழைய தண்டவாளத்தில் மூன்று தட்டு கேட்டது. மீட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கல்லால் மூன்று தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று வந்தது. இவனும் தட்டினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தான்.

அது நான்தான், ராடில் தட்டினேன் என்றாள் ஜூடித்.

"நீங்க தட்னது தெரியும்க்கா. அஞ்சு, அப்புறம் நாலு. அது மேலேந்து வந்துச்சி," என்றான் திலீப். "நான் சொல்றது கீழேந்து வந்தது. அந்தத் தண்டவாளம் கீழதான் போவுது. தேடிகினு தவழ்ந்து போனேன். கொஞ்ச தூரத்துல தண்ணி வந்துடுச்சி. தண்டவாளம் தண்ணிக்குள்ள போவுது. அதுலேந்துதான்."

ராதிகா தட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

ஜூடித் வீட்டுக்கு வந்து மெமரி கார்டை எடுத்துப் பழைய லேப்டாப்பில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோடுகளைப் பெரிதாக்கினாள். திலீப்பின் தட்டு மூன்று கூர்மையான முள்ளாக நின்றது. ஒவ்வொரு மூன்று முள்ளுக்கும் முன்னால், இரண்டு மூன்று விநாடி முந்தி, புல் முளைத்த மாதிரிச் சின்னதாக மூன்று. எதிரொலி என்றால் பின்னால் வர வேண்டும். இது முன்னால் வந்திருக்கிறது.

சனிக்கிழமைக்குப் போனாள். காலையில் திலீப் தட்டவில்லை; சின்ன மூன்று மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை இருந்தது. வியாழக்கிழமையிலும் இருந்தது. திலீப் அந்தப் பொந்துக்குள் இறங்குவதற்கு முந்தின நாள் அது.

சைலஸிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. தண்ணீர் ஏற ஏறப் பழைய குழாய்க்குள் காற்று அடைபட்டு மோதும், அதுவாக இருக்கும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் ஒருதரமாவது இரண்டு தட்டு, ஒருதரமாவது ஏழு தட்டு வந்திருக்க வேண்டும். எல்லா நாளையும் உட்கார்ந்து எண்ணினாள். மூன்றைத் தவிர வேறு எண்ணே இல்லை. மறுநாள் சனிக்கிழமை காலை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ராடில் நான்கு தட்டிப் பார்த்தாள். நான்கு வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, வழக்கம்போல, மூன்று.

அன்றைக்கு அவள் க்ளினிக்குக்கும் போகவில்லை, எஸ்.பி. ரோடுக்கும் போகவில்லை. மதியம் மூன்றரைக்கு ராஜப்பா வீட்டுக்குப் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. உட்கார் என்றார். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். பார்வதம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம்.

அவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும்போது, அவர் ஷிஃப்டில் கீழே பாறை வெடித்தது. எஞ்சின் ரூமே ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஆழத்து லெவல் ஒன்றிலிருந்து மணி வந்தது. மூன்று. ஆட்கள் ஏற நிற்கிறார்கள். டிரைவர் பதிலுக்கு மூன்று கொடுத்துவிட்டுக் கேஜை அனுப்ப வேண்டும். ஆனால் கேஜ் ஓடுகிற ஷாஃப்ட் கிணற்றில் மரச்சட்டங்கள் பெயர்ந்து தொங்குகின்றன, கேஜை நகர்த்தினால் அறுத்துக்கொண்டு விழும் என்று தகவல் வந்துவிட்டது. பதில் மணி கொடுத்தால் கேஜ் வருகிறது என்று அர்த்தம். வராத கேஜுக்கு எப்படிப் பதில் கொடுப்பது? அவர் கொடுக்கவில்லை. மணி வந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம். லீவரைப் பிடித்த கையோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் நின்றுவிட்டது.

"டிரைவர் பதில் குடுக்கற வரிக்கும் அடிச்சிகினேதான் இருப்பாங்க, மா," என்றார். "அதுதான் ரூல்."

எத்தனை பேர் என்று ஜூடித் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ராஜப்பா எழுந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானைக் கழுத்துவரை போட்டார். ஜூடித்தின் பின்கட்டுக்கு வந்து ராடின் முன்னால் நின்றார். ஹெட்போன் வேண்டாம் என்றார். உள்ளங்கையை மட்டும் ராடின்மேல் வைத்துக்கொண்டார். ஜூடித்தான் ஹெட்போனில் கேட்டாள். நாலு மணி இருக்கும். கொடியில் அவள் காயப்போட்ட போர்வை ஆடிக்கொண்டிருந்தது.

டக். டக். டக்.

அவளுக்கு அது காதில் விழுந்த அதே நொடி ராஜப்பாவின் தாடை இறுகியது. கையை நீட்டினார். சுத்தியலைக் கொடுத்தாள். அவர் அவசரப்படவில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் சரியான இடைவெளி விட்டு, மூன்று தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ராடையே பார்த்தபடி நின்றார். உதடு அசைந்தது. ஆயிரத்து நூறு அடி, ஆயிரம் என்று கேஜ் ஏறி வருவதைக் கணக்குப் பண்ணுகிறார் என்று ஜூடித்துக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் போர்வை ஆடுவதும் நின்றுபோய், பன்றி, நாய், ஸ்டேஷன் எதுவும் ஹெட்போனில் இல்லாமல் போனது. தன் இதயத் துடிப்புகூட அதில் விழவில்லை என்றாள். என்னிடம் இதைச் சொல்லும்போது கையை நீட்டி மயிர் நிற்பதைக் காட்டினாள்.

ஏழெட்டு நிமிஷம் கழித்து ராஜப்பா பெருமூச்சு விட்டார். "ஏறிட்டாங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன்பின் மூன்று தட்டு வரவில்லை. மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கார்டில் வண்டி வருவதும் போவதும், இரண்டு தரம் லேசான நடுக்கமும் மட்டும். ஜூடித் அதிலும் நிம்மதி அடையவில்லை. தட்டு கேட்ட நாட்களில் பயமாக இருந்தது. இப்போது கோடு நேராகப் போவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றாள். கீழேயிருந்து ஏறியவர்கள் எங்கேயாவது இறங்கியிருக்க வேண்டும் அல்லவா என்று ஒருநாள் ரயிலில் என்னைக் கேட்டாள். அன்றைக்குப் பங்காருப்பேட்டை தாண்டும்வரை அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

ராஜப்பா மாறிவிட்டார். தெருவில் நின்று பேசுகிறார். சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறார். ரூபேஷ் ஊரை விட்டுப் போய்விட்டான்.

ஏப்ரலில் ராதிகா ஜூடித்தைத் தேடி வந்தாள். திலீப் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஆனால் கரண்ட் போனால் தாங்கமாட்டேன் என்கிறான். பகலில்கூட, அறை லேசாக இருட்டினால் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறான். கரண்ட் போன அதே நொடி தானாக எரிகிற விளக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாள். கடையில் விற்கிறதே என்றாள் ஜூடித். அவை எரிய அரை விநாடி ஆகிறது, அந்த அரை விநாடியை அவரால் தாங்க முடியவில்லை என்றாள் ராதிகா.

ஜூடித் அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். ரயிலில் அந்த டப்பாவைத் திறந்து எனக்குக் காட்டினாள். கரண்ட் இருக்கும்போதும் பேட்டரியிலிருந்தே எரிந்துகொண்டிருக்கும். அதனால் மாறுகிற நேரம் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டினாள். சோதிக்க மெயினை இறக்க வேண்டும். திலீப் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சரிக்கா, இறக்குங்க என்றான். இறக்கினாள். ஃபேன் சுற்றி நின்றது. விளக்கு இமைக்கக்கூட இல்லை. அவன் சிரித்தான்.

பிறகு ராதிகா டீ போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, அது இன்னும் கேட்கிறதா என்று கேட்டான்.

நின்றுவிட்டது என்றாள்.

"யாராச்சும் பதில் குடுத்தாங்களா?"

அவள் அவனுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சைலஸையும் என்னையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கொடுத்தார், ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு என்றாள். திலீப் விரலை மடக்கி ஏதோ எண்ணினான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியில் தனக்கு முதல்முறை தூக்கம் வந்தது என்றான். தூங்குவதற்கு முன்னால் வார்டு வழியாக நிறையப் பேர் நனைந்த காலோடு நடந்து போன மாதிரி இருந்தது. நர்ஸைக் கேட்டபோது யாரும் வரவில்லை என்றாள். தரை மட்டும் ஈரமாக இருந்ததால் துடைப்பவரைக் கூப்பிட்டுத் திட்டினாள்.

ராதிகா டீயோடு வந்துவிட்டாள். 

ஜூடித் வீட்டுக்குத் திரும்பியபோது சைலஸ் வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். தட்டுதான் நின்றுவிட்டதே, பின்கட்டில் அந்த வயரை இன்னும் ஏன் விட்டு வைத்திருக்கிறாய், துணி எடுக்கும்போது காலில் மாட்டுகிறது என்றார்.  திங்கட்கிழமை விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பும் முன், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கருவிக்குப் புது பேட்டரி மாற்றிவிட்டு வந்தாள். வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தபோது கைவிரலில் ராடின் துரு ஒட்டியிருந்தது.